பூட்டிய வீடுகளுக்கு நடுவே ஒரு காப்பிக் கடை

கல்யாணமாகி உத்திரமேரூருக்கு வந்த புதிதில் எனக்குத் தூக்கமே வரவில்லை. புது இடம், புது மனிதர் என்று சொந்தக்காரப் பெண்கள் கேலி செய்தார்கள். அதெல்லாம் ஒன்றும் இல்லை. நான் செங்கல்பட்டில் ரயில் லைனுக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவள். கூட்ஸ் வண்டிக்குப் பெட்டி மாற்றுகிற சத்தம் கேட்டால்தான் எனக்குக் கண் சொருகும். இங்கே விளக்கு வைத்ததும் தெரு அடங்கிவிடும். அதற்குப் பிறகு நாய் குரைத்தால் உண்டு. அந்த நாய்க்கும் குரைக்க ஆள் வேண்டாமா?

முழு ஊரையும் சொல்லவில்லை. பஸ் நிற்கிற இடம், நெல் மண்டி, தாலுகா ஆபீஸ் பக்கமெல்லாம் எப்போதும் வண்டியும் மாடும் ஆளுமாக இருக்கும். எங்கள் காப்பிக் கடை அங்கே இல்லை. பெருமாள் கோயிலைச் சுற்றிய தெருக்கள் கூடுகிற முனையில் இருந்தது. அந்தத் தெருக்களில் பாதி வீடு பூட்டிக் கிடக்கும். வீட்டுக்காரர்களுக்கு மெட்ராஸில் உத்தியோகம். பள்ளிக்கூடங்களுக்குக் கோடை லீவு விட்டதும் பிள்ளை குட்டிகளோடு வந்து இறங்குவார்கள். உற்சவம் பார்ப்பார்கள், நுங்கு தின்பார்கள், மத்தியானம் முழுக்கத் தூங்குவார்கள். பள்ளிக்கூடம் திறப்பதற்குள் மறுபடி பூட்டிக்கொண்டு போய்விடுவார்கள். அவர்களை நம்பித்தான் என் மாமனார் அந்த முனையில் கடை போட்டார். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கடையும் என் வீட்டுக்காரரும் மிச்சம்.

பங்குனி கடைசியிலேயே தெருவுக்கு உயிர் வரத் தொடங்கும். சாவி வைத்திருக்கிற ஆட்கள் கதவைத் திறந்துவிடுவார்கள். உள்ளேயிருந்து வௌவால் நாற்றம் கடைவரைக்கும் வரும். கிணற்றில் பழைய தண்ணீரை இறைத்துக் கொட்டுவார்கள், சுண்ணாம்பு அடிப்பார்கள், குளவிக் கூட்டுக்கு நெருப்பு வைப்பார்கள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருப்பேன். முதல் குடும்பம் வந்து இறங்குகிற நாள் எனக்குப் பொங்கல் தீபாவளி எல்லாம் சேர்ந்தது போல. அவர்கள் யாரோ, நான் யாரோ. ஆனாலும் குழந்தைகள் கத்துகிற சத்தத்தைக் கேட்டால் வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருக்கும்.

வருகிறவர்களில் பாதிப் பேர் ஆசாரக்காரர்கள். கடையில் உட்கார்ந்து சாப்பிட மாட்டார்கள். அதாவது, முன்பக்கம் உட்கார்ந்து. எங்கள் கடையின் பின்பக்கத்துக்கு இரண்டு விதமான ஆட்கள் வருவார்கள். வயல் வேலைக்குப் போகிற சேரி ஜனங்களை உள்ளே விடுவதில்லை, அப்போது அப்படித்தான் வைத்திருந்தோம். அவர்கள் பின்னால் நின்று தங்கள் தம்ளரில் வாங்கிக் குடிப்பார்கள். இன்னொரு வகை, கடைக்கு வந்தது வீட்டுக்குத் தெரியக் கூடாத பெரிய மனிதர்கள். பெரிய வீட்டுக்காரர் என்று நாங்கள் சொல்கிற, ரிட்டையரான ஒரு பெரியவர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வேலி ஓரமாக வருவார். வீட்டில் வெங்காயம் சேர்க்க மாட்டார்களாம். எங்கள் வெங்காய வடை என்றால் அவருக்கு உயிர். நின்றபடியே நாலு தின்றுவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு போவார். ஒருநாள் அவர் போனதும் நடவுக்காரி ஒருத்தி என்னைக் கேட்டாள்: "ஏம்மா, அந்தச் சாமியக் கூடவா உள்ள வுட மாட்டீங்க?" எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன்.

வைகாசி முடிந்தால் எல்லாம் முடிந்தது. ஒவ்வொரு வீடாகப் பூட்டு விழும். கடைசி வண்டி போன அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. கடையை நாங்கள் தினமும் திறந்துதான் வைப்போம், காப்பிதான் போகாது. தபால்காரர் வருவார், கோயில் மடப்பள்ளி ஆள் வருவார், வெயிலுக்கு ஒதுங்குகிற யாராவது தண்ணீர் மட்டும் கேட்பார்கள். என் வீட்டுக்காரர் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்பார். எனக்கு இருப்புக் கொள்ளாது. பலகாரமே இல்லாத கண்ணாடி அலமாரியைத் துடைப்பேன். யாரும் குடிக்காத தம்ளர்களைப் புளி போட்டுத் தேய்ப்பேன். அதுவும் முடிந்தால் ஏரிக்கரைக்குப் போய், காஞ்சிபுரம் ரோட்டில் பஸ் கிளப்புகிற தூசி தெரிகிறதா என்று பார்ப்பேன். பஸ் எங்கோ போகிறது, அதில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே எனக்கு ஆறுதல். ஏரியில் தண்ணீர் இருந்தால் தண்ணீரைப் பார்ப்பேன், இல்லாவிட்டால் மேய்கிற மாட்டைப் பார்ப்பேன். திரும்பி வந்தால் அவர் அதே இடத்தில் விசிறிக்கொண்டிருப்பார். அந்த விசிறியைப் பிடுங்கி அடுப்பில் போட வேண்டும் என்று எத்தனையோ தடவை தோன்றியிருக்கிறது.

"கால்ல சக்கரத்தக் கட்டிக்கினு பொறந்தவ," என்பார்.

"உங்களுக்கு ஆணி அடிச்சி வெச்சிருக்காங்களா?" என்பேன்.

என் அண்ணன் ரயில்வேயில் தண்டவாளம் மாற்றிவிடுகிற பாயிண்ட்ஸ்மேன். செங்கல்பட்டு ஸ்டேஷன் ரோட்டில் காப்பிக் கடைக்கு ஏற்ற இடம் இருக்கிறது, வண்டி நிற்கிறபோதெல்லாம் வியாபாரம் என்று வருகிறபோதெல்லாம் சொல்வான். "வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லு மாப்ள, மிச்சத்த நான் பாத்துக்கறேன்." என் வீட்டுக்காரர் முடியாது என்று ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டாவது ஒரு முடிவுக்கு வந்திருக்கலாம். அவர் மாதத்தைச் சொல்வார்.

ஆனியில் கேட்டால், "ஆனி அடி எடாதே, கூனி குடி போகாதேன்னு பெரியவங்க சொல்லிக்கீறாங்க" என்பார். கூனி என்றால் பங்குனி, அதையும் அப்போதே அடைத்துவிடுவார். ஆடியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆவணியில் ஊரில் கல்யாணங்கள், நம் கடையில் பாலுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள் என்பார். புரட்டாசி பெருமாள் மாதம், ஒரு சனிக்கிழமைக்காவது மெட்ராஸ்காரர்கள் வந்தால்? அப்புறம் மழை. மார்கழியில் எந்த நல்ல காரியமும் ஆகாது. தை பிறந்தால் வழி பிறக்கும் என்று நான் வாயைத் திறந்தால், அறுப்பு நேரத்தில் சாமான் ஏற்ற யார் வண்டி தருவார்கள் என்று கேட்பார். சித்திரை வந்தால் சீசன். இப்படியே மூத்தவள் பிறந்து, தவழ்ந்து, நடந்து, பள்ளிக்கூடத்துக்கும் போய்விட்டாள்.

"பதிமூணாவதா ஒரு மாசம் இருந்தா அதுக்கும் ஒண்ணு வெச்சிருப்பீங்க," என்றேன் ஒருநாள், எரிச்சல் தாங்காமல்.

"இருந்தா பாக்கலாம்," என்றார் விசிறியை நிறுத்தாமல்.

பிறகு ஒரு வருஷம் மழை பொய்த்தது. ஏரி நிரம்பவில்லை. சித்திரையில் வந்து இறங்கியவர்கள் முதல் வேலையாகக் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள். உற்சவத்துக்கு இருந்துவிட்டு, அது முடிந்த கையோடு கிளம்பிவிட்டார்கள். பெரிய வீட்டுக்காரர் வரவே இல்லை. மெட்ராஸிலேயே காலமாகிவிட்டார் என்று பிள்ளைகள் வந்தபோதுதான் தெரிந்தது. அவர்கள் வந்தது உற்சவத்துக்கு அல்ல. கூடத்து ஊஞ்சலைக் கழற்றி லாரியில் ஏற்றினார்கள், நெல் மண்டி முதலாளி ஒருவரிடம் வீட்டை விலை பேசி முடித்துவிட்டுப் போனார்கள். ஆனியில் அந்த வீட்டுக்குள் நெல் மூட்டை போக ஆரம்பித்தது. வாசல் கதவு மூட்டைக்குப் போதவில்லை என்று நிலையைப் பெயர்த்து அகலமாக்கினார்கள். என் வீட்டுக்காரர் கடையில் நின்று அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்கும் வெங்காய வடை போட்டார். யார் தின்பதற்கு என்று நான் கேட்கவில்லை.

சாயங்காலம் நான் மாவு ஆட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் வந்து நின்றார்.

"உங்கண்ணன் சொன்ன எடம் இன்னும் காலியாத்தான் இருக்குதா?"

குழவியைப் பிடித்த கை நின்றுவிட்டது. ஆனியாச்சே என்று நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். அவரே சொன்னார்: "ஆவணி மொத முகூர்த்தத்துல பால் காய்ச்சிடலாம்."

அந்த ஆடி மாதத்தைப் போல ஒரு மாதத்தை நான் கழித்ததில்லை. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பயமாக இருந்தது. தினம் எழுந்ததும் அவர் முகத்தைத்தான் பார்ப்பேன், மனசு மாறிவிட்டதா என்று. அண்டா குண்டாவைச் சாக்கில் கட்டுவேன், மறுநாள் சமைக்க வேண்டுமே என்று அவிழ்ப்பேன். அண்ணன் இடத்தைப் பேசி முடித்துவிட்டான். இவரோ கூரைமேல் ஏறி, விட்டுவிட்டுப் போகப்போகிற கடைக்கு உடைந்த ஓடுகளை மாற்றிக்கொண்டிருந்தார்.

"போவப் போற கடைக்கு எதுக்கு ஓடு மாத்தறீங்க?"

"மழ பேஞ்சா ஒழுவும்."

"ஒழுவட்டுமே, நாம இங்க இருக்கப் போறதில்லையே."

இறங்கி வந்து அடுப்புக்குச் சுண்ணாம்பு அடித்தார். நான் அடுக்களையில் போய் உட்கார்ந்து அழுதேன். கோபத்தில்தான் அழுதேன், துக்கத்தில் இல்லை. இந்த மனிதர் வரமாட்டார், வந்தாலும் பாதிதான் வருவார் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றிவிட்டது.

ஆனாலும் ஆவணி பிறந்தது, முகூர்த்தமும் வந்தது. விடிகிற நேரத்தில் செங்கல்பட்டில் புதுக் கடைக்குள் மூன்று செங்கல் கூட்டி, மஞ்சள் கட்டிய புதுப் பானையை ஏற்றினோம். என் அம்மா, அண்ணன், அண்ணி, அக்கம்பக்கத்துக் கடைக்காரர்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள். பால் எந்தப் பக்கம் பொங்கி வழியப்போகிறது என்று எல்லார் கண்ணும் பானையில். கிழக்குப் பக்கம் வழிந்தால் நல்லது என்றாள் அம்மா. பால் ஏறியது. நுரை விளிம்புக்கு வந்து, திரண்டு, இதோ வழியப்போகிறது என்கிற நேரத்தில் ஒரு கை நீண்டு, துண்டால் பானையைப் பிடித்து, பதமாக இறக்கிக் கீழே வைத்தது.

என் வீட்டுக்காரரின் கைதான்.

அவரே தன் கையை, யாருடைய கையோ என்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பிக் கடைக்காரனுக்குப் பால் பொங்கி வழிந்தால் நஷ்டம், நாற்றம், அவிந்த அடுப்பு. சின்ன வயதிலிருந்து பாலடுப்பைப் பார்த்தவர் அவர். முதுகைக் காட்டிக்கொண்டு யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார், பால் ஏறுகிற நேரத்துக்குக் கை மட்டும் தானாகப் பின்னால் போகும். எங்கள் கடையில் பால் வழிந்து நான் பார்த்ததே இல்லை.

"இன்னா மாப்ள, இப்படிப் பண்ணிட்டியே," என்றான் அண்ணன்.

"சகுனமே சரியில்ல," என்று அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். "பொங்காத எடத்துல எப்படிடா கட வெக்கறது? எல்லாரும் திரும்பிப் போங்க. ஐப்பசியில வேற நாள் பாக்கலாம்."

மறுபடியும் ஒரு மாதம். அந்த வார்த்தை காதில் விழுந்ததும் நான் அவர் முகத்தைப் பார்த்தேன். ஒரு நிம்மதி அங்கே வந்து போனது. ஒரு கண நேரம்தான். நான் பார்த்துவிட்டேன். பானையை இறக்கியது பழக்கமா, மனசா? எனக்குத் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியாது. ஆனால் இப்போது விட்டால் இனி ஜன்மத்துக்கும் கிளம்ப மாட்டோம் என்பது மட்டும் தெரிந்தது. ஐப்பசியில் மழை. அப்புறம் மார்கழி.

நான் குனிந்து பானையைத் தூக்கி மறுபடி அடுப்பில் வைத்தேன். "ஒரு தரம் எறக்கினத..." என்று அம்மா ஆரம்பித்தாள். "நீ சும்மா இரும்மா," என்றேன். விறகைத் தள்ளினேன். எழுந்து அவர் பக்கத்தில் போய் நின்று, இத்தனை பேருக்கு முன்னால், அவருடைய இரண்டு மணிக்கட்டையும் பிடித்துக்கொண்டேன்.

சூடான பால், சீக்கிரமே ஏறியது. நுரை விளிம்பைத் தொட்டதும் அவர் வலது கை இழுத்தது. இறுக்கினேன். இன்னும் பலமாக இழுத்தது. நகம் பதியப் பிடித்தேன். பால் பொங்கி, பானையின் நாலு பக்கமும் வழிந்து, செங்கல்லில் இறங்கி, நெருப்பில் சொய்யென்றது. தீய்ந்த வாசனை கடை முழுக்கப் பரவியது. அண்ணி சாமியைக் கும்பிட்டாள். அம்மா கிழக்கு எது என்று தேடிக்கொண்டிருந்தாள்.

அவர் பாலைப் பார்க்கவில்லை. கீழே, தன் கைகளைப் பிடித்திருந்த என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"கைய வுடுமே. அதான் வந்துட்டேன் இல்ல."

அத்தனை வருஷத்து அழுகையும் எனக்கு அங்கேயே வந்துவிட்டது. அப்போதும் நான் கையை விடவில்லை.