தொய்வு விட்டுக் கட்டிய வண்டி

என் வீட்டுக்காரர் எங்கள் மகளோடு ஒரு வருடம் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே குழம்பு, நடுவில் நான். "உன் பொண்ணாண்ட சொல்லு, கதவ சாத்திகினு போகச் சொல்லி" என்பார். அவள் அவருக்கு எதிரிலேயே நின்றுகொண்டிருப்பாள். "சாத்தியாச்சுன்னு நைனாகிட்ட சொல்லும்மா" என்பாள் அவள். தபால்காரி உத்தியோகம் எனக்கு. இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம். அது யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று வாய் திறந்தால் எனக்குத்தான் திட்டு விழும்.

சண்டைக்குக் காரணம் ஒரு வண்டி. மண் மேடுகளில் தாவிக் குதித்து ஓட்டுகிற பந்தய வண்டி. டர்ட் பைக் என்பார்கள். அதற்கு விளக்கு கிடையாது, நம்பர் கிடையாது, சாலையில் ஓட்டவும் கூடாது. மகள் ஒரு இருசக்கர வாகன சர்வீஸ் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே வந்த பழைய வண்டி ஒன்றைப் பிடித்து, பழுது பார்த்து, எங்கள் சந்தில் கொண்டுவந்து நிறுத்தினாள். திருவொற்றியூரில் கடலோரக் குப்பத்துச் சந்து அது. எதிர் வீட்டுக் கதவைத் திறந்தால் வண்டியின் கைப்பிடியில் இடிக்கும். அவர் கடலிலிருந்து வந்தார், பார்த்தார், குளிக்கப் போனார். அன்றைக்கு மூடிய வாய்தான்.

செங்குன்றம் தாண்டி ஒரு மைதானத்தில் பந்தயம் வைக்கிறார்கள், பெண்களுக்கும் தனிப் போட்டி உண்டு, நான் பெயர் கொடுத்துவிட்டேன் என்று ஒரு நாள் மகள் என்னிடம் சொன்னாள். நான் அவரிடம் சொன்னேன். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். பிறகு, "நானும் வரேன். ஒரு தபா பாக்கறேன். பாத்துட்டு அந்த வண்டி இந்த வூட்ல நிக்கணுமா வாணாமான்னு சொல்றேன்" என்றார்.

அவர் விசைப்படகு ஓட்டுகிறவர். கடலில் படகோட்டி ஒன்று சொன்னால் சொன்னதுதான், மாற்றிப் பேசினால் ஆட்கள் நம்ப மாட்டார்கள். அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார். ஆகவே அவர் ஒரு தடவை பார்த்தால் போதும், மகள் ஓட்டுகிற அழகில் வண்டி நிற்கட்டும் என்று சொல்லிவிடுவார், சொன்னால் பிறகு மாற்ற மாட்டார் என்று நான் கணக்குப் போட்டேன். மகளும் அதே கணக்கைப் போட்டிருப்பாள் போலிருக்கிறது. அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

என் தம்பியிடம் ஒரு பழைய ஜீப்பும், ஃபைபர் படகின் எஞ்சினை ஏற்றி இழுக்கிற இரண்டு சக்கர டிரெய்லரும் இருந்தன. பந்தயத்தன்று காலையில் அதை எங்கள் சந்து முனையில் கொண்டுவந்து நிறுத்தினான். மகள் வண்டியைப் பலகை வைத்து மேலே ஏற்றினாள். கையில் நாலு பெல்ட் வைத்திருந்தாள், கிளிக் கிளிக் என்று இறுக்குகிற மாதிரி. அதைப் பற்றி முன்தினம் எனக்கு ஒரு பாடமே நடத்தியிருந்தாள். முன் சக்கரம் டிரெய்லரின் முன் தடுப்பில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். கைப்பிடிக்குக் கீழே இரண்டு பக்கமும் பெல்ட்டை மாட்டிக் கீழே இழுக்க வேண்டும். வண்டியின் ஸ்பிரிங் பாதி அமுங்குகிறவரை இறுக்க வேண்டும். "ஸ்பிரிங்கு மேல வரப் பாக்கும், பெல்ட்டு உடாது. அப்போதாம்மா வண்டி நிக்கும்" என்றாள். நான் உம் கொட்டினேன். எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டின் கேட் ஆபீசில் எனக்கு வேலை. லாரி போவதையும் வருவதையும் பார்க்கிறவளுக்கு ஸ்பிரிங்கைப் பற்றி என்ன தெரியும்?

அப்போது அவர் வெளியே வந்தார். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி. தோளில் படகுக் கயிறு, ஒரு கையில் இரண்டு பழைய டயர். யாரையும் பார்க்காமல் டிரெய்லர் மேல் ஏறினார். படகுக்கும் படகுக்கும் நடுவில் இடிபடாமல் தொங்கவிடுகிற அந்த டயர்களை வண்டியின் இரண்டு பக்கமும் வைத்தார். கயிற்றைக் கைப்பிடியில் சுற்றி, பின்னால் சுற்றி, கம்பியில் முடிச்சுப் போட்டார். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்தில் அவர் போடுகிற முடிச்சை இன்னொருவர் அவிழ்க்க நகம் பெயர்ந்துவிடும். ஒவ்வொரு முடிச்சுக்கும் முன்னால் கயிற்றில் ஒரு சாண் தொய்வு விட்டார்.

"இன்னா மச்சான், லூசா கீது?" என்றான் தம்பி.

"இறுக்கிக் கட்னா அலைக்கு அறுந்துடும். அது ஆடறதுக்கு எடம் உடணும்டா. நான் இன்னா நேத்து கட்றவனா?"

துறைமுகத்தில் அது சரிதான். படகு ஏறும், இறங்கும். விறைப்பாகக் கட்டினால் கயிறு அறும், இல்லாவிட்டால் படகின் மரம் பெயரும். பிறந்ததிலிருந்து அவர் கட்டிய எல்லாமே தண்ணீரில் மிதக்கிற பொருள்.

நான் மகளைப் பார்த்தேன். அவள் அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வருடமாக அந்த வண்டியைத் தாண்டிப் போகும்போது வேட்டியைக்கூட ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு போனவர், இப்போது அதன் கழுத்தில் கை போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். அவள் பெல்ட்டுகளைச் சத்தமில்லாமல் சுருட்டிப் பைக்குள் போட்டாள். அந்தப் பை ஜீப்பில் என் காலடியில் கிடந்தது.

எக்ஸ்பிரஸ் சாலையை விட்டு மணலிப் பக்கம் திரும்பும்வரை ஒன்றும் ஆகவில்லை. சாத்தாங்காடு தாண்டியதும் வழக்கம்போல் கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டின. எங்களுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, பக்கத்தில் ஊர்கிற மாதிரி ஒரு முழு வரிசை. சாலை என்று பெயர்தான், பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் நடுவில் கொஞ்சம் தார். நானும் மகளும் பின் சீட்டில் உட்கார்ந்து கண்ணாடி வழியாக டிரெய்லரையே பார்த்துக்கொண்டு வந்தோம். ஒவ்வொரு பள்ளத்திலும் வண்டியின் தலை அமுங்கியது, கயிறு தொளதொளத்தது. அப்புறம் தலை துள்ளி எழும்பியது, கயிறு வெடுக்கென்று இழுத்தது. ஒரு பக்கத்து டயர் மெதுவாக நழுவிக் கீழே சரிந்தது.

"மாமா, எங்கியாவது ஓரங்கட்டேன்" என்றாள் மகள்.

"எங்க கட்றது? ஓரம் எங்க கீது? பின்னாடி கீறவன் ஏறி மெதிச்சிட்டுப் பூடுவான்" என்றான் தம்பி.

முன் சீட்டிலிருந்த அவர் திரும்பிப் பார்த்தார். "ஆடத்தான் ஆடும். ஆடலன்னாத்தான் பயப்படணும்" என்றார். அந்தக் குரலில் இருந்த நிதானத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அழுகை வரும். அவர் அவளுக்குத்தான் தைரியம் சொன்னார், நேராக அவளிடமே. அந்த வருடத்தில் முதல் தடவை.

அடுத்த பள்ளம் பெரிசு. வண்டி எழும்பியது, கயிற்றின் தொய்வு விட்ட இடத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, நின்றது, இன்னும் சாய்ந்தது. வேகமாக விழுந்திருந்தாலாவது தேவலை. வீட்டில் பீரோ சாய்கிற மாதிரி, பார்த்துக்கொண்டே இருக்கும்போது சாய்ந்தது. நான் கண்ணாடியில் கையை வைத்து அழுத்தினேன். இங்கிருந்து அமுக்கினால் அங்கே நிற்குமா? மகள் ஒன்றும் செய்யவில்லை. வண்டியின் வயிற்றுப் பக்கம் டிரெய்லர் கம்பியில் மோதிய சத்தம் லாரி இரைச்சலையும் மீறிக் கேட்டது. அதற்குப் பிறகும் நிறுத்த இடமில்லாமல், விழுந்த வண்டியை இழுத்துக்கொண்டே ஊர்ந்தோம்.

கடைசியில் ஒரு திருப்பத்தில் தம்பி நிறுத்தினான். அவர் குதித்து ஓடி டிரெய்லரில் ஏறினார். முதலில் கயிற்றைத்தான் தொட்டுப் பார்த்தார். அறவில்லை. முடிச்சும் அவிழவில்லை. "முடிச்சு அப்டியே கீது பாரு, அப்டியே கீது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். வண்டி படுத்துக் கிடந்தது. எஞ்சின் சூட்டை ஆற்றுகிற ரேடியேட்டரில் கம்பி குத்தி, பச்சைத் தண்ணீர் ஒழுகிக்கொண்டிருந்தது. அதற்குள் பின்னால் ஹாரன்கள் குடலைப் பிடுங்கின. போக்குவரத்துப் போலீஸ்காரர் ஒருவர் கையை ஆட்டி, "எடு எடு, வண்டிய எடு" என்று கத்தினார். பையை அவிழ்க்கவோ பெல்ட்டை எடுக்கவோ நேரமில்லை. அவர் வண்டியைத் தூக்கி நிறுத்தி, "நீ போடா, நான் புட்ச்சிகினு வரேன்" என்றார்.

நிற்கிற இடம் டிரெய்லர், சுற்றிலும் லாரிகள், வேண்டாம் என்று நான் கத்தினேன். யார் கேட்டார்கள்? அலையில் நிற்பதுபோல் காலை அகட்டி வைத்து, வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார். பள்ளத்தில் ஜீப்பே ஆடியது, அவர் ஆடவில்லை. வெள்ளைச் சட்டையெல்லாம் பச்சைத் தண்ணீர். மகள் கண்ணாடியிலேயே நெற்றியை வைத்துக்கொண்டு வந்தாள். "ஏன்டி, பெல்ட்டு கீதே, சொல்லியிருக்கலாமே?" என்று மெதுவாகக் கேட்டேன்.

"நைனா என் வண்டியத் தொட்டுதும்மா. எப்டிம்மா வாணான்றது?" என்றாள்.

மைதானத்தில் வண்டிகளைச் சோதிக்கிறவர் ரேடியேட்டரை ஒரு பார்வை பார்த்தார், ஒழுகுகிற வண்டியை விட முடியாது என்று உதட்டைப் பிதுக்கினார். படகில் டீசல் டாங்க் ஓட்டையானால் பார் சோப்பைப் பிசைந்து அடைப்பார்கள். என் வீட்டுக்காரர் அங்கே இங்கே கேட்டு ஒரு சோப்பு வாங்கிவந்து, மண்ணில் மண்டிபோட்டு அடைத்தார். ஒழுகல் நின்றது. எங்கள் நாலு பேர் முகத்திலும் உயிர் வந்தது. எஞ்சினைப் போட்டதும் சூட்டில் சோப்பு நுரைத்துக்கொண்டு வெளியே வந்தது. அவர் மறுபடி அடைத்தார், மறுபடி வந்தது. மூன்றாவது தடவை மகள் குனிந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "உடு நைனா" என்றாள்.

ஆக, அவர் மகள் ஓட்டுவதைப் பார்க்கவில்லை. மற்ற வீட்டுப் பெண்கள் ஓட்டியதைப் பார்த்தார். மேட்டிலிருந்து தாவும்போது ஒரு பெண், வண்டி ஒரு பக்கம், தான் ஒரு பக்கம் என்று விழுந்தாள். எழுந்தாள், மண்ணைத் தட்டினாள், மறுபடி ஏறிப் போய்விட்டாள். கூட்டம் கை தட்டியது. இவர் என் தோளைப் பிடித்திருந்த பிடி எலும்பு வரைக்கும் வலித்தது.

"கட்டிப் போட்டப்பவே அப்டி வுழுந்துச்சு. இந்தப் பொண்ணு ஓட்டிகினு போகசொல்லோ வுழுந்தா? நான் கடலுக்குப் போறவன். கரையில நின்னு பாத்துகினு இருக்கறது எனுக்குத் தெரியாது. வண்டி வாணாம்" என்றார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபது வருடத்துக்கு மேலாகக் கரையில் நிற்கிறவள் நான். புயல் சின்னம் என்று ரேடியோவில் சொன்ன நாளெல்லாம் படகு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே நிற்கிறவள். என்னை ஒரு நாள் கேட்டதுண்டா? அதோடு, வண்டி விழுந்தது ஓட்டியதால் அல்ல, உன் கயிற்றால் என்று சொல்ல வேண்டும். சொல்லியிருந்தால் அவர் அங்கேயே உடைந்துபோயிருப்பார். மகள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று தலையசைத்தாள்.

திரும்பும்போது மகளே கட்டினாள். பையிலிருந்து பெல்ட்டுகளை எடுத்து மாட்டி, கிளிக் கிளிக் என்று இறுக்கினாள். வண்டி தலை தாழ்ந்து பாதி அமுங்கி நின்றது. அவர் அருகே போய்க் கைப்பிடியைப் பிடித்து ஆட்டினார். டிரெய்லர் ஆடியது, வண்டி அசையவில்லை.

"இது காலைலயே இருந்துச்சா?" என்று அவளிடமே கேட்டார்.

அவள் மீதிப் பெல்ட்டைச் சுருட்டினாள். "இருந்துச்சு" என்றேன் நான். அவர் தன் கயிற்றை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு முன் சீட்டில் போய் உட்கார்ந்தார். வழி முழுக்கத் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தார். வண்டி குத்துக்கல்லாக வந்தது. இவர் சொன்னதை மாற்றிக்கொள்வார், மாற்றிக்கொள்வார் என்று வீடு வரைக்கும் எதிர்பார்த்தேன். வீடு வந்தது, அவர் இறங்கிக் குளிக்கப் போனார்.

மகள் வண்டியை விற்றுவிட்டாள். அதை எடுத்துக்கொள்ள எம்.கே.பி. நகரிலிருந்து ஒரு ஆள் டிரெய்லரோடு வந்தார். மகள் ரேடியேட்டரை மாற்றி, துடைத்து, புதுசு மாதிரி வைத்திருந்தாள். வந்தவர் கையில் நைலான் கயிறு இருந்தது. என் வீட்டுக்காரர் அதைப் பார்த்தார். உள்ளே போய் மகளின் பெல்ட்டுகளை எடுத்துவந்தார். முன் சக்கரத்தைத் தடுப்பில் முட்டவைத்தார். இரண்டு பக்கமும் மாட்டினார். ஸ்பிரிங் பாதி அமுங்கும்வரை ஒவ்வொரு கிளிக்காக இறுக்கினார். அன்றைக்கு மைதானத்தில் ஒரு தடவை பார்த்தது, ஒன்றுகூடத் தப்பவில்லை.

பிறகு மகளைத் திரும்பிப் பார்த்தார். "சரியா கீதா பாரு" என்றார்.

அவள் போய்க் கைப்பிடியைப் பிடித்து இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டினாள். வண்டி அசையவில்லை.

"சரியா கீது நைனா" என்றாள்.