மாமாவுக்குப் பூக்கேட்ட கதை

மாமாவின் கல்யாணத்தை நிறுத்தியது நான்தான் என்று எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் சொல்வார்கள். அப்போது நான் இரண்டாம் வகுப்பு. அந்தப் பேரை நானும் மறுத்ததில்லை. கணக்கில் எப்போதும் முட்டை வாங்கிய எனக்கு வேறு என்ன பெருமை இருந்தது?

மாமா, அம்மாவுக்கு ஒரே தம்பி. அம்மாவின் அப்பாவான அப்புச்சியின் பனியன் கம்பெனியில் மேற்பார்வை பார்ப்பதாகப் பேர். மனசெல்லாம் மாடியில் இருந்த கீபோர்டின் மேல்தான். ஞாயிற்றுக்கிழமை மெஷின்கள் ஓய்ந்ததும் வேஸ்ட் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து அவர் வாசிக்க, அவருடைய சிநேகிதர் பாடுவார். காதர்பேட்டையில் பனியன் மொத்த வியாபாரம் செய்த பாய் வீட்டுப் பிள்ளை அவர். நான் அவரைப் பாட்டு மாமா என்பேன். துணி மூட்டை எதிரொலியை விழுங்கிவிடுமாம், பெரிய ஸ்டுடியோக்களிலும் இப்படித்தானாம். இதைச் சொல்லும்போது இரண்டு பேர் முகத்திலும் அப்படியொரு பெருமிதம். பாடி முடித்து இறங்கி வரும்போது தலையெல்லாம் பஞ்சாக இருக்கும். படியிலேயே நின்று ஒருவர் தலையிலிருந்து ஒருவர் பஞ்சைப் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

அம்மாவின் வாய் சும்மா இருக்காது. "உங்க பாட்டக் கேட்டு எம்பட பாலெல்லாம் திரிஞ்சு போச்சு" என்பாள். ஆனால் பலகாரம் கொடுத்து என்னை மாடிக்கு அனுப்பும்போது இரண்டு தட்டாகத்தான் கொடுப்பாள்.

ஒரு கோயில் கச்சேரியில் இவர்களைக் கேட்ட மெட்ராஸ் கேசட் கம்பெனிக்காரர் ஒருவர், இரண்டு பேரும் சேர்ந்து அங்கே வந்துவிட்டால் வேலை தருகிறேன் என்றார். அந்த வாரமே அப்புச்சி பெண் பார்த்துவிட்டு வந்து நின்றார். பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு, ஒரே மகள். மாப்பிள்ளை அங்கேயே தங்கித் தோப்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும், பாட்டு கீட்டு என்ற பேச்சே கூடாது என்று பெண்ணைப் பெற்றவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்.

"நல்லதுதானுங்கன்னு சொல்லிட்டு வந்துட்டேன். கூத்தாடிப் பொழப்பு இத்தோட போதும்" என்றார் அப்புச்சி.

மாமா அப்புச்சியை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அறியாதவர். "செரீங்கப்பா" என்றார். அன்றோடு மாடியில் சத்தம் நின்றது. பாட்டு மாமா ஷேவ் செய்வதை விட்டுவிட்டார். மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருப்பார். எனக்கோ ஒரே குஷி. கல்யாணத்துக்குப் பட்டுப்பாவாடை எடுத்துத் தருவதாக அப்புச்சி சொல்லியிருந்தார்.

பாக்கி இருந்தது பூக்கேட்பது ஒன்றுதான். எங்கள் பக்கம் குலதெய்வம் உத்தரவு கொடுக்காமல் கல்யாணத்தை முடிவு செய்யமாட்டார்கள். வெள்ளரளியை ஒரு இலையிலும் செவ்வரளியை இன்னொரு இலையிலும் பொட்டலமாகக் கட்டி, சாமியின் காலடியில் போட்டு, ஒரு குழந்தையை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் மேளம் கொட்டலாம். சிவப்பு வந்தால் அத்தோடு சரி, அப்பீலே கிடையாது.

கோயிலுக்குப் பாட்டு மாமா வீட்டு வேனில்தான் போனோம். ஓட்டியதும் அவரேதான். "சொந்தப் புள்ளையாட்ட வந்து நிக்கறான் பாரு" என்று அப்புச்சி வேறு பாராட்டினார். பாராட்டப்பட்டவர் ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கோயிலில் பூசாரி கையில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்தார். "நீங்க சிரமப்படாதீங்க, நானே கட்டித் தாரனுங்க" என்று பூவையும் இலையையும் வாங்கிக்கொண்டு அம்மா வேப்பமரத்துப் பக்கம் போனாள். நான் மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். வேகாத வெயிலிலும் அது ஜில்லென்று இருந்தது.

"எதுங்க மாமா எடுக்கட்டும்?"

"சாமி எதக் காட்டுதோ அத எடு கண்ணு."

மதிலுக்கு வெளியே பாட்டு மாமா வேனில் சாய்ந்து கண்ணை மூடியபடி நின்றிருந்தார். அவர் எந்தச் சாமியைக் கூப்பிட்டாரோ தெரியாது. நான் பட்டுப்பாவாடையை நினைத்துக்கொண்டு, வெள்ளையாக இருக்க வேண்டும் சாமி என்று வேண்டி, வலதுபக்கப் பொட்டலத்தை எடுத்தேன்.

பூசாரி ஒற்றைக் கையால் பிரித்தார். செக்கச்செவேலென்று செவ்வரளி.

அப்புச்சி வெகுநேரம் அதையே பார்த்தார். "சாமியே வேண்டாங்குது. இனி நாம என்ன பண்ண?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மாமா அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். கல்யாணம் போன துக்கம் என்று அப்புச்சி முதுகைத் தடவிக்கொடுத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். பாவாடை போன துக்கத்தில் நானும் சேர்ந்து அழுதேன். வெளியே பாட்டு மாமா குழாயடியில் முகத்தைக் கழுவினார், கழுவினார், கழுவிக்கொண்டே இருந்தார்.

எல்லோரும் பொங்கல் சாப்பிடப் போனதும், கிடைக்காமல் போன வெள்ளைப் பூவையாவது பார்க்கலாமென்று மற்ற பொட்டலத்தைப் பிரித்தேன். அதிலும் சிவப்பு.

"அம்மா, இதுலயும்—"

அம்மா எங்கிருந்துதான் வந்தாளோ, பொட்டலத்தைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, என் வாயில் ஒரு பெரிய கவளம் பொங்கலைத் திணித்தாள். "திங்கறப்பப் பேசக் கூடாது." சாமி கோபத்தில் எல்லாப் பூவையும் சிவப்பாக்கிவிட்டது என்று நானே முடிவு செய்து, பள்ளிக்கூடத்தில் எல்லோரிடமும் அளந்துவிட்டேன்.

அடுத்த மாதமே இரண்டு பேரும் மெட்ராஸ் போனார்கள். பெரிய பேரெல்லாம் வரவில்லை. பக்திப் பாட்டு, விளம்பரப் பாட்டு என்று குறையில்லாமல் ஓடியது. இன்றைக்கும் ஒரே வீடு, ஒரே சமையல், உப்பு கூடினதா குறைந்ததா என்று தினம் ஒரே சண்டை. தென்னந்தோப்புக்காரப் பெண்ணும் ஒரு டாக்டரைக் கட்டிக்கொண்டு சௌக்கியமாக இருக்கிறார். அந்த இரண்டாவது பொட்டலத்தை நினைத்தால் எனக்கு இப்போதும் அப்பாடா என்றிருக்கிறது.

அன்று திரும்பும்போது மாமா வழக்கம்போல அப்புச்சி பக்கத்தில் உட்காரப் பின்னால் ஏறினார். அம்மா தடுத்தாள்.

"பின்னால எடமில்ல. நீ முன்னால போயி உக்காரு சாமி."

"இத்தன எடம் கெடக்குதேம்மா" என்றேன். தொடையில் நறுக்கென்று ஒரு கிள்ளு விழுந்தது.

மாமா முன்னால் போய் உட்கார்ந்தார். வண்டி கிளம்பிக் கொஞ்ச தூரம் போனதும், பாட்டு மாமா அத்தனை நாளுக்குப் பிறகு மெதுவாக ஒரு பாட்டை முணுமுணுக்க ஆரம்பித்தார். மாமா தன் மடியிலேயே விரல்களால் அதை வாசித்தார். நான் காலி சீட்டையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தேன். உள்ளதைத்தானே சொன்னேன், இதற்குப் போய் எதற்குக் கிள்ளினாள் என்று ஊர் வந்து சேரும்வரை தொடையைத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.