இதுவா, அதுவா?

"இதுவா... அதுவா?"

கண்ணாடிக்கடைக்காரர் சின்னக் கைப்பிடி வைத்த லென்ஸை விரலிடுக்கில் ஒரு சுழற்று சுழற்றுகிறார். "இப்ப சொல்லுங்க. இதுவா... அதுவா?"

இருட்டறையில், கனமான டெஸ்ட் ஃபிரேமை மூக்கில் சுமந்துகொண்டு உட்கார்ந்திருக்கும் மனிதர் திணறுகிறார். வெளியே பத்துப் பேரை விரட்டி வேலை வாங்குகிறவராக இருக்கலாம். இந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் எல்லோரும் படிக்காமல் பரீட்சைக்கு வந்த பிள்ளைகள்தான். கடைசியில் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் குரலில், "ரெண்டும் ஒண்ணு மாதிரிதாங்க தெரியுது" என்கிறார்.

"அதாங்க வேணும்!" என்று கண்ணாடிக்கடைக்காரர் குதூகலிக்கிறார். "ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சா சரியான இடத்துக்கு வந்துட்டோம்னு அர்த்தம். இனிமே திருப்பக் கூடாது. திருப்பினா நான்தான் பைத்தியக்காரன்."

கண்ணாடிக்கடைக்காரர் என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. கடை வேறொருவருடையது, கண் பரிசோதிப்பது மட்டும் இவர். தெருவில் இவருக்கு 'இதுவா அதுவா' என்றே பெயர். காய்கறிக்காரர் இவரைக் கண்டதும் இரண்டு தக்காளியைத் தூக்கிக் காட்டி, "சார், இதுவா, அதுவா?" என்பார். இவர் கோபித்துக்கொள்வதில்லை. நின்று, இரண்டையும் வெளிச்சத்தில் பார்த்து, நிஜமாகவே யோசிப்பார். பின்னால் வரிசை நீளும்.

கோணலான கண்ணாடியை மட்டும் இவரால் தாங்கிக்கொள்ள முடியாது. பேருந்தில் எதிர் இருக்கைக்காரரின் கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டிருந்தால் இவருக்குக் கழுத்து வலிக்கும். முன்பின் தெரியாதவரிடம் "ஒரு நிமிஷம் குடுங்க" என்று வாங்கி, காதில் மாட்டும் காம்பைக் கட்டைவிரலால் இதமாக அழுத்தி, நேராக்கித் திருப்பி மாட்டிவிட்டுத்தான் இறங்குவார். பறிகொடுத்தவர் சத்தம் போடுவதற்குள் உலகம் அவருக்கு நேராகிவிட்டிருக்கும். இவ்வளவு செய்கிறவரின் சொந்தக் கண்ணாடி எப்போதும் ரேகை படிந்து, புகை மூட்டமாக இருக்கும். நாள் முழுக்க அடுத்தவர் கண்ணாடியைத் துடைத்த கைக்கு வீட்டுக்கு வந்தும் அதே வேலையா என்று அலுப்பு.

ஐம்பதை எட்டிப் பார்க்கிற இந்த வயதில் இவருக்கு ஓர் ஆசை பிடித்துக்கொண்டது. ப்ரோக்ராமிங் கற்றுக்கொள்ள வேண்டும். அதற்கு முதலில் எந்த மொழியை எடுப்பது?

கேட்பதற்கு இவருக்கு வாய்த்த வசதி யாருக்கும் வாய்க்காது. கணினிக்காரர்களுக்குத்தான் கண் சீக்கிரம் கெடுகிறதே. வருகிறவரை உட்காரவைத்து, டெஸ்ட் ஃபிரேமை மாட்டி, விளக்கை அணைத்து, இனி ஓட முடியாது என்று ஆனபிறகு மெதுவாக ஆரம்பிப்பார்: "சார், புதுசாக் கத்துக்கிறவங்க முதல்ல எந்த லாங்குவேஜ் எடுக்கிறது நல்லது?"

"யாருக்கு சார், பையனுக்கா?"

"வீட்டுல ஒருத்தருக்கு."

"சி-யில ஆரம்பிக்கச் சொல்லுங்க. அஸ்திவாரம் சார், அஸ்திவாரம்!" என்றார் ஒருவர். சொன்ன வேகத்தில் ஃபிரேம் மூக்கிலிருந்து நழுவி விழுந்தது. அடுத்து வந்த பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "ஐயோ, சி-யா? எடுத்த எடுப்பிலேயே அவ்வளவு தண்டனையா? பைத்தான் கத்துக்கச் சொல்லுங்க, பச்சப்புள்ளகூடப் படிக்கும்" என்று உச்சுக்கொட்டினார். மூன்றாமவர் ஜாவாஸ்கிரிப்ட் கட்சி. அவரிடம் இவர் வெகுநாள் சந்தேகத்தைக் கேட்டார்.

"ஜாவாவும் அதுவும் அண்ணன் தம்பிங்களா?"

"பேர்தான் சார் ஒட்டுது. பங்காளிகூடக் கிடையாது."

மூன்று பேரும் கடைசியில் ஒரே வார்த்தையில் முடித்தார்கள்: ஆரம்பத்துக்கு எதுவானால் என்ன, எல்லாம் ஒன்றுதான். இந்த வார்த்தையை மட்டும் இவர் காதில் வாங்கவில்லை. தாடி வைத்த ஓர் இளைஞர்தான், "அதை வச்சு என்னங்க செய்யப்போறாங்க?" என்று திருப்பிக் கேட்டார். இவர் சட்டென்று, "கடைசி வரியைப் படிங்க" என்றுவிட்டார்.

செய்யப்போவது என்னவென்று சொன்னால் அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டி வரும்.

அக்கா மின்சார அலுவலகத்தில் புகார் மேசையில் உட்கார்ந்திருந்தவர். ஊரே கரண்ட் போன ஆத்திரத்தில் தொலைபேசியில் கத்தும். அக்கா ஒரு வாக்கியத்தில் ஊரை உட்காரவைத்துவிடுவார். அந்த வாயைத்தான் பக்கவாதம் தாக்கியது. வலது கை போயிற்று. பேச்சு மொத்தமும் போயிற்று, ஒரே ஒரு சொல்லைத் தவிர. மூளையில் எந்த மூலையில் ஒளிந்துகொண்டு தப்பித்ததோ, மிஞ்சிய சொல் "போடா".

தம்பியை வாழ்நாள் முழுக்க அப்படித்தான் விரட்டிக்கொண்டிருந்தார் என்பதால் வீட்டில் யாரும் ஆச்சரியப்படவில்லை. இப்போது தண்ணீருக்கும் போடா, நன்றிக்கும் போடா. பெரிய டாக்டர் குனிந்து, "எப்படிம்மா இருக்கீங்க?" என்று கேட்டதற்கும் அதே பதில், டாக்டர் சட்டென்று நிமிர்ந்துவிட்டார். தம்பி மனைவி பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். போர்வையைச் சரிசெய்யும்போது அவருக்கும் ஒரு போடா விழும். "அண்ணி, எனக்காவது ஒரு 'டி' போடக்கூடாதா?" என்பார். அக்காவின் இடது பக்க உதடு மட்டும் சிரிக்கும்.

சொல்வதெல்லாம் அக்காவுக்குப் புரிகிறது. தலையசைப்புத்தான் குழம்பிப்போய், ஆம் என்று ஆட்ட நினைத்தால் இல்லை என்று ஆடுகிறது. ஒரு நாள் மாலை அக்கா போடா, போடா என்று துடித்துக்கொண்டே இருந்தார். தண்ணீர் கொடுத்தார்கள், தட்டிவிட்டார். ஃபேனைப் போட்டார்கள், நிறுத்தினார்கள். மாத்திரையா, பாத்ரூமா என்று கேட்டார்கள். தலை எல்லாவற்றுக்கும் எல்லாப் பக்கமும் ஆடியது. அழுது களைத்துத் தூங்கிப்போனார். காலையில் தலைவாரும்போதுதான் தெரிந்தது, கொண்டை ஊசி ஒன்று, இடது கை எட்டாத பின்மண்டையில் குத்திப் புண்ணாக்கியிருந்தது. அன்றைக்கு அக்கா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான். கேட்டாலும் போடாகூடச் சொல்லவில்லை.

இப்படிப்பட்டவர்களுக்கென்று ஆயத்தமாகச் செயலிகள் இருக்கின்றன. ஒன்றைப் போனில் இறக்கிக் கொடுத்தும் பார்த்தார்கள். படத்தைத் தொட்டதும் அதிலிருந்த குரல், "நான் இன்று உற்சாகமாக உணர்கிறேன்" என்றது. உடம்பு நன்றாக இருந்த காலத்திலேயே அப்படியொரு வாக்கியத்தைச் சொன்ன மனுஷி அல்லர் அக்கா. அதில் ஒட்டகச்சிவிங்கி இருந்தது, பனிச்சறுக்குக் கட்டை இருந்தது. கொண்டை ஊசி இல்லை. அக்கா இடது கையால் போனைக் கட்டிலுக்கு வெளியே எறிந்துவிட்டார்.

ஆகவே, தானே செய்துவிடுவது என்று தம்பி தீர்மானித்தார். திரையில் ஒரு நேரத்தில் இரண்டே படம். இதுவா, அதுவா? தொட்டால் சமையலறைவரை கேட்கிறமாதிரி ஒரு குரல் அதைச் சொல்ல வேண்டும். கடையில் பில் போட்டுத் தேய்ந்துபோன தொடுதிரைக் கணினி ஒன்றை முதலாளி "தூக்கிட்டுப் போங்க" என்று கொடுத்தார். எல்லாம் தயார். எந்த மொழி என்பதுதான் பாக்கி.

அந்தப் பாக்கி வளர்ந்தது. எந்த மொழி சிறந்தது என்று வாயைப் பிளந்தபடி சொல்லிக்கொடுக்கும் வீடியோக்களை ஒன்றுவிடாமல் பார்த்தார். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லா மொழிகளையும் கணினியில் ஏற்றிவைத்தார். ஒவ்வொன்றிலும் முதல் பாடம் ஒன்றுதான்: திரையில் உலகத்துக்கு வணக்கம் சொல்வது. சொல்லிவிட்டு, சரியான மொழியைத்தான் எடுத்தோமா என்று சந்தேகம் வந்து அடுத்ததற்குத் தாவுவார். உலகத்துக்கு வகைவகையாக வணக்கம் போய்க்கொண்டிருந்தது. அடுத்த அறையில் அக்கா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் கியரைப் போட்டா வண்டி நகருது. நீங்க கியர்பாக்ஸைக் கழட்டி மெச்சிக்கிட்டு உக்காந்திருக்கீங்க" என்றார் மனைவி.

"தப்பா ஆரம்பிச்சுட்டா?"

"தப்பான ரோட்டுல போனா திரும்பி வரலாம். ஷெட்டுலயே நிக்கிற வண்டிக்கு நான் என்ன வழி சொல்றது?"

கடைசிச் சுற்றில் இரண்டு பெயர்கள் மிஞ்சின: பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட். கிட்டத்தில் வைத்துப் படிக்கக் கொடுக்கும் அட்டைகள் இரண்டை எடுத்து, முதுகுப்பக்கத்தில் அட்டைக்கொரு பெயரை எழுதினார். என்ன நினைத்தாரோ, அக்காவின் கட்டிலுக்குப் போனார்.

"அக்கா, இங்க பாரு. உனக்காகத்தான் கேக்கறேன். இதுவா... அதுவா?"

அக்கா மெல்லத் திரும்பினார். ஓர் அட்டையைத் தொட்டார். இவருக்குத் தொழில் புத்தி. இடம் மாற்றிக் காட்டி, "இப்ப? இதுவா... அதுவா?" என்றார். அக்கா மற்றதைத் தொட்டார். மறுபடி மாற்றினார். அக்கா அவரையே கொஞ்ச நேரம் பார்த்தார். புகார் மேசையில் ஊரை உட்காரவைத்த வாக்கியம் இப்போது பார்வையில் இருந்தது. இடது கையால் ஓர் அட்டையை எடுத்து மற்றதன்மேல் வைத்து, ஓரங்களைத் தட்டி ஒன்றாக்கி, இரண்டையும் சேர்த்துத் தம்பியின் நெஞ்சில் அழுத்தினார்.

"போடா."

இவர் அட்டைகளைக் கையில் வாங்கினார். ரெண்டும் ஒண்ணு. இருட்டறையில் நாள்தோறும் எந்தப் பதிலுக்காகக் காத்திருக்கிறாரோ அந்தப் பதில். மூன்று கணினிக்காரர்கள் சொல்லியும் ஏறாதது இப்போது ஏறியது. இனிமேல் திருப்பினால் யார் பைத்தியக்காரன் என்று அவருக்குத் தெரியும். மேலே இருந்த அட்டையை எடுத்துக்கொண்டு எழுந்தார். அதில் எழுதியிருந்தது எந்தப் பெயர் என்று இங்கே போட்டால் வாசகர்களில் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். மேலே இருந்தது என்பதோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

அதன்பிறகு அவர் பட்ட பாடு எல்லா ஆரம்பக்காரர்களும் படுகிற பாடுதான். ஓர் அடைப்புக்குறியை மூட மறந்து இரண்டு நாள் தேடினார். படங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொண்டன. கணினி திட்டியதெல்லாம் புரியாத வசவு. "உங்க அக்காவே தேவலை, ஒரே வார்த்தையில திட்டறாங்க" என்றார் மனைவி. குரல் பதிவுக்கும் அவரைத்தான் உட்காரவைத்தார். வேனில் பிள்ளைகளை அதட்டிப் பழகிய தொண்டை, "தண்ணி!" என்று அவர் சொன்னதைக் கேட்டால் நமக்கே தாகம் எடுக்கும். கணவர் முதலில் சேர்த்த படம் கொண்டை ஊசி.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கணினியைக் கட்டிலருகே நிறுத்திவைத்தார்கள். திரையில் முதல் ஜோடியாக வந்த படங்கள்: தண்ணீர், ஜன்னல். அக்கா சந்தேகமாகப் பார்த்தார். விரலை நீட்டி ஜன்னலைத் தொட்டார்.

"ஜன்னல்!" என்று கணினி அதட்டியது.

உடனே படங்கள் இடம் மாறின. அக்கா நெற்றியைச் சுருக்கி, மறுபடி ஜன்னலைத் தேடித் தொட்டார். "ஜன்னல்!" படங்கள் மறுபடி இடம் மாறின. அக்கா மூன்றாம் முறை ஓங்கிக் குத்தினார். "ஜன்னல்!" மறுபடி இடம் மாற்றம்.

"போடா!" என்றார் அக்கா திரையைப் பார்த்து.

இவர் பதறிப்போய் விசைப்பலகையை இழுத்துக்கொண்டு குனிந்தார். குற்றம் கணினியுடையது அல்ல. கண் பரிசோதிக்கிற மனிதர் எழுதிய நிரலல்லவா? ஒரு தரம் சொன்ன பதிலை அது நம்பாது. மாற்றிவைத்துத் திரும்பக் கேட்கும், ரெண்டும் ஒண்ணு என்று சொல்லும்வரை. அப்படிச் சொல்ல அதில் இடமும் வைக்கவில்லை.

"ஒரே நிமிஷம் அக்கா, எங்கேயோ சுத்துது, சரி பண்ணிடறேன்..."

சமையலறையிலிருந்து மனைவி எட்டிப் பார்த்தார். "என் குரல்லயே மூணு தரம் கத்தியாச்சு. அது நல்லாத்தான் வேலை செய்யுது. நீங்கதான் செய்யலை. எழுந்து போய் ஜன்னலைத் திறங்க!"

இவர் விழித்தார். விசைப்பலகையை வைத்துவிட்டு எழுந்துபோய், இறுகிக்கிடந்த கொண்டியை நீக்கி, ஜன்னலைத் திறந்தார். காற்று உள்ளே வந்து அக்காவின் முன்தலை மயிரைக் கலைத்தது. தெருவில் யாரோ மிதிவண்டி மணியை அடித்துக்கொண்டு போனார்கள். அக்கா சுவர்ப் பக்கம் திரும்பவில்லை.

விரலை மடக்கித் தம்பியைக் கிட்டே கூப்பிட்டார். இவர் குனிந்தார். அக்கா அவர் மூக்கிலிருந்து கண்ணாடியைக் கழற்றினார். மடியில் வைத்து, போர்வை நுனியால், ஒற்றைக் கையால், ஒரு பக்கத்தையும் மறு பக்கத்தையும் நிதானமாகத் துடைத்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு திரும்ப மாட்டிவிட்டார். ஒற்றைக் கை என்பதால் ஒரு காம்பு காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. இறக்கிவிட அழுத்தியதில் கொஞ்சம் வளைந்தும் போயிற்று.

மறுநாள் கடையில், நாற்காலியில் உட்கார்ந்த பெண்மணி டெஸ்ட் ஃபிரேம் வழியாக அவரை உற்றுப் பார்த்தார். "சார், உங்க கண்ணாடி ஒரு பக்கம் தூக்கிட்டிருக்கே?"

இவர் கை தானாக மேலே போயிற்று. காம்பைத் தொட்டது. கட்டைவிரல் அழுத்தப்போன இடத்தில் ஒரு கணம் நின்றது. பிறகு கையைக் கீழே இறக்கி, விளக்கை அணைத்தார்.

"இருக்கட்டும்மா. நீங்க சொல்லுங்க. இதுவா... அதுவா?"