மாட்டுத்தலைக்காரனின் சாப்பாடு

பள்ளிக்கூடத்திலிருந்து எங்களை, நாங்கள் இருந்த இத்தாலிய நகரமான பலெர்மோவின் நூதனசாலைக்குக் கூட்டிப்போன அன்று, துணைக்கு வந்த தாய்மாரில் சேலை கட்டியிருந்தவர் என் அம்மா மட்டும்தான். அவர் வேலை செய்த வீட்டு எசமானி, சிஞ்ஞோரா, கடற்கரைக்குப் போயிருந்ததால் லீவு கிடைத்திருந்தது. கோவிலுக்குப் போவதுபோல் திருநீறும் பூசிக்கொண்டு வந்தார். மற்றத் தாய்மார் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்கள். வியா மக்வேதா தெரு முழுவதும் நான் அவரை விட்டுத் தள்ளியே நடந்தேன்.

அது போதாதென்று உள்ளே ஒரு பழைய கிரேக்கப் பானை. மனித உடம்பும் மாட்டுத் தலையுமாக ஒருவன் அதில் முழங்காலில் விழுந்து கிடந்தான். வாள் வைத்திருந்த ஒரு வீரன் அவன் கொம்பைப் பிடித்திருந்தான். அம்மா அவனை நந்தியென்று நினைத்துவிட்டார். கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கைகூப்பினார். பின்னால் பிள்ளைகள் சிரிக்கத் தொடங்கினார்கள். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் சுட்டது.

அது சாமி இல்லை, மினோத்தோர் என்ற அரக்கன் என்று ஆசிரியை சொன்னதைப் பல்லைக் கடித்துக்கொண்டு தமிழில் சொன்னேன். அவன் ராசாவின் மனைவிக்குப் பிறந்தவன். வெளியே வர வழி தெரியாத ஒரு வீட்டைக் கட்டி, அதற்குள் அவனை அடைத்துவிட்டார்களாம். அம்மா இனிச் செருப்பைப் போட்டுக்கொள்வார், போய்விடலாம் என்று பார்த்தேன். அவர் அசையவில்லை.

"பூட்டி வைச்ச இடத்திலை இவனுக்கு ஆர் சாப்பாடு குடுத்தது? ரீச்சரிட்டைக் கேள், பிள்ளை."

கேட்காமல் விடமாட்டார் என்று தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். வகுப்பே குலுங்கிச் சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்காமல், வேறு ஊரிலிருந்து இளம்பிள்ளைகளைப் பிடித்துவந்து அவனுக்கு இரையாக அனுப்பினார்கள் என்றார். அதையெல்லாம் விளக்கிக்கொண்டு நிற்க என்னால் முடியவில்லை.

"ஓம், குடுத்தவையாம்," என்று முடித்துவிட்டேன்.

"அப்ப பட்டினி போடேல்லை," என்றார் அம்மா. பிறகு ஆசிரியையைப் பார்த்தும் ஒரு கும்பிடு போட்டார். அந்த இடத்திலேயே செத்துப்போகலாம் போலிருந்தது.

கொஞ்ச நாட்களாக வெறும் தேத்தண்ணியோடு காலம் தள்ளிய அம்மா, அன்று வீட்டுக்கு வந்ததும் சோறு போட்டுச் சாப்பிட்டார். நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். பெரியண்ணா கொழும்பில் படிக்கிறான் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். இத்தாலிக்கு வரும் வழியில், ரஷ்யாவில் எங்கோ, ஆட்களைக் களவாகக் கூட்டிவரும் ஏஜென்சிக்காரன் வெளியே பூட்டுப் போட்ட அறைக்குள் அவன் கிடந்ததும், அவனிடமிருந்து போன் வந்து வாரக்கணக்காகிவிட்டதும் அப்போது வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியாது.