தேவகி விட்டுப்போன இருபது பக்கம்

ஞாயிறு காலை நம் வாசகர் வட்டத்தின் வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. 'தேவகி காலமானார்.' இரண்டே சொல். மூன்று முறை படித்தும் மனதில் ஏறவில்லை. படித்தது மனதில் ஏறாமல் போவது எனக்குப் புதிதல்ல. தேவகிக்கும் அப்படித்தான்.

நண்பர்களே, கதைகளைப் பற்றி அவர் ஆசையாகப் பேசுவதைப் பார்த்துப் பெரிய படிப்பாளி என்று நினைத்திருப்பீர்கள். நான் பேக்கிங் பார்க்கும் பனியன் கம்பெனியில் அவர் செக்கிங் சூப்பர்வைசர். ஒரு நாவலைக்கூட அவர் தனியாகப் படித்து முடித்ததில்லை. இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

செக்கிங்கில் துணியில் ஓட்டையோ கறையோ கண்டால் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். தேவகி புத்தகத்திலும் ஒட்டினார், மனம் நழுவிய வரிகளில். ஒரு தடவை எடுக்க மறந்து அப்படியே நூலகத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டார். பக்கத்துக்கு ஆறேழு அம்பு! நூலகர் பிடித்துக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க சார். டேமேஜ் பொஸ்தகத்துல இல்லீங்க, என்ர மனசுலதானுங்க."

கூட நின்ற எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கும் அதே வியாதி என்று வெளியே வந்ததும் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை, அவ்வளவு வெட்கம்.

மறுநாளே மதிய இடைவேளையில், சாப்பிட்ட தூக்குப்போசியைக் கழுவி வைத்துவிட்டு, ஒருவர் வாய்விட்டுப் படிக்க மற்றவர் கேட்கத் தொடங்கினோம். "வாய் முன்னால போகட்டுங்க, மனசு பின்னால வருமுங்க" என்பார். என் கண் எங்கோ போனால் நிறுத்திவிடுவார்.

"எங்கீங்க போயிட்டு வந்தீங்க?"

"மக ஆஸ்டலுக்குங்க."

நான்கு வரி பின்னால் போய் மறுபடி படிப்பார். அறிவுரை எதுவும் கிடையாது. இப்படியே மூன்று நாவல்களை முடித்தோம்.

நான்காவது பாதியில் நின்றபோது ஆஸ்பத்திரியில் சேர்ந்தார். கட்டிலருகே உட்கார்ந்து தினமும் படித்தேன். கடைசி நாளன்று என் வாய் மட்டும்தான் படித்தது. கண்ணை மூடியிருந்தும் கண்டுபிடித்துவிட்டார்.

"எங்கீங்க போயிட்டீங்க?"

அவர் இல்லாத மதிய வேளைக்குப் போயிருந்தேன். "எங்கயும் போகலீங்க" என்றேன். அவரிடம் நான் சொன்ன ஒரே பொய் அது. "செரிங்க, மிச்சத்த நாளைக்குப் பாக்கலாமுங்க" என்றார்.

மிச்சம் இருபது பக்கம். தனியாக முயன்றேன், ஒரு பத்திகூட நகரவில்லை. உங்களில் யாராவது ஒரு மதியம் என் கூட வந்து உட்கார வேண்டும். இதை இத்தனை பேர் முன்னால் கேட்க எனக்கு வெட்கமாக இல்லை. தேவகியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அதைத்தான்.