தூதரையா வீட்டுச் சமையலும் என் மனுவும்

தூதர் வீட்டில் சமைக்கிறவளிடம் உப்புக் குறைந்தால் உடனே கேள்வி வரும். அவள் கொடுத்த மனுவுக்குத்தான் பதில் வராது. பங்களாக்களில் அடுப்பு ஊதிய சகோதரிகளே, உங்களுக்கு இது புதிதாக இராது.

எங்கள் ஐயா அக்கரை இந்தியாவிலிருந்து இலங்கைக்குத் தூதர் உத்தியோகத்தில் வந்தவர். அப்புத்தளையில் பங்களா எடுத்து, விறாந்தையில் மேசை போட்டு, இந்தியா போய்வர அனுமதி கேட்கும் தேயிலைத் தோட்டத்து ஜனங்களை விசாரிப்பார். என் மூத்தவள் லூர்து திருச்சியில் வாழ்க்கைப்பட்டவள். தலைப்பிரசவம். நானும் மனுக் கொடுத்தேன்.

கொஸ்லந்தைக்காரி

கொஸ்லந்தையிலிருந்து ஒருத்தி மூன்று நாள் நடையாய் நடந்தாள். தோட்டத்தில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் நிற்காவிட்டால் அன்றைக்குப் பேர் இல்லை, பேர் இல்லாவிட்டால் சம்பளம் இல்லை. இதெல்லாம் ஐயாவுக்கு யார் சொல்வது? மூன்றாம் நாள்தான் கூப்பிட்டு, "உங்க நாடு எது?" என்றார்.

"பத்தாம் நம்பர் மலைங்க."

"அது ஒரு நாடா?"

அவள் தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னாள்: "தெரியாதுங்க ஐயா. அங்கதான் தினம் எம் பேரைக் கூப்பிடுறாங்க. இங்க மூணு நாளா ஒருத்தரும் கூப்பிடல."

ஐயாவின் ஏக்கம்

ஒருநாள் தோசையைப் பிட்டபடி ஐயா பெருமூச்சு விட்டார். "வெளிநாட்டு உத்தியோகம் லேசில்லம்மா. எங்கம்மா முகத்தைப் பார்த்து ஒரு வருஷமாச்சு."

"எம் மகளும் அப்படித்தான் எழுதியிருக்காளுங்க ஐயா. மனு உங்க மேசையிலதான் கிடக்கு" என்றேன்.

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். "சாப்பிடுற இடத்துல உத்தியோகம் பேசாதீங்க. எல்லாரையும் போல வரிசையில வாங்க."

வரிசை

மறுநாள் அடுப்பை அணைத்துவிட்டு, ஜெபமாலையோடு வரிசையில் போய் நின்றேன். மத்தியானம் ஐயா பசியோடு எழுந்து வந்தார். "இன்னும் சமைக்கலையா?"

"வரிசையில வரச் சொன்னீங்களே ஐயா. எனக்கு முன்னால இன்னும் பன்னிரண்டு பேருங்க."

வரிசையில் நின்ற பெரகல தோட்டத்து ஆட்கள் சிரித்துவிட்டார்கள். ஐயா முகம் சிவந்து என்னைக் கூப்பிட்டு மனுவைப் புரட்டினார். என்னைத் தெரிந்த ஓர் உத்தியோகத்தரின் சாட்சிக் கையெழுத்து இல்லையாம். எட்டு மாதமாக அவருக்குச் சோறு போடுகிறவள் நான்! "உங்களுக்கே என்னைத் தெரியாதாங்க?" என்றேன். விசாரிக்கிறவரே சாட்சி சொல்லக் கூடாதாம். மாதாவே என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

ஐயாவிடம் வேலை பார்த்த யாழ்ப்பாணத்துக் கிளாக்கர் ஐயா மெதுவாகச் சொன்னார்: "அழாதேங்கோ அம்மா. இவருக்கு உங்கட குழம்பைத் தெரியும், உங்களைத் தெரியாது. டாக்குத்தரிட்ட கையெழுத்து நான் வாங்கித் தாறன்."

மாற்றல்

டாக்டர் கையெழுத்தோடு மனு மேசைக்குப் போன அதே வாரம் ஐயாவுக்கு வேறு நாட்டுக்கு மாற்றல் வந்தது. பெட்டிகளை நான்தான் அடுக்கினேன். ஊறுகாய்ச் சாடிக்குக்கூடத் துணி சுற்றினேன். பிறகு, "ஒரே ஒரு கையெழுத்து ஐயா" என்று கேட்டேன்.

காரில் ஏறிக்கொண்டே சொன்னார்: "இனி நான் போட்டா செல்லாதும்மா. புதுசா வர்றவர் முதல்லேருந்து விசாரிப்பார். உங்க கைச் சமையலை எந்த நாட்டுலயும் மறக்க மாட்டேன்."

புதியவர் வருவதற்குள் லூர்துவுக்கு ஆண்பிள்ளை பிறந்துவிட்டது. அவள் எழுதியிருந்தாள்: "வலி எடுத்தப்பவும் நீ வந்துருவேன்னு வாசலையே பார்த்துக்கிட்டிருந்தேம்மா."

நாடு நாடாகப் போவது அவருக்கு உத்தியோகம், ஒரு பிரசவத்துக்குப் போக நினைத்தது எனக்கு விசாரணை. மாதா அவரை மன்னிக்கட்டும், எனக்கு இன்னும் கொஞ்ச நாளாகும்.