பல்வலிக்காரர் திறந்துவைத்த வாய்

அந்தப் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தவளுக்கு மனிதர்கள் மேல் பெரிய மரியாதை எதுவும் கிடையாது. பல் விளக்காமல் வந்து வாயைத் திறந்து காட்டுகிறவர்களை நாள் முழுக்கப் பார்த்தால் யாருக்குத்தான் இருக்கும்? ஆனால் அவளுடைய வலைப்பூவில் ஒரே தேனும் பாலும்தான். விடியலைப் பற்றி எழுதுவாள், புன்னகையைப் பற்றி எழுதுவாள், மன்னிப்பைப் பற்றி உருகி உருகி எழுதுவாள். ஒவ்வொன்றுக்கும் கீழே அவளுடைய நாத்தனார் தவறாமல் ஒரு பூப்படம் போடுவாள். படிக்காமல்தான் போடுகிறாள் என்பது இருவருக்குமே தெரியும்.

திடீரென்று சரக்கு தீர்ந்துபோனது. கணினியைத் திறந்து 'நம்பிக்கை என்பது' என்று அடிப்பாள். அது என்னவென்று அவளுக்கே தெரியாததால் அங்கேயே நிற்பாள். மேசையை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டாள். வலைப்பூவின் பின்னணியை இளம்பச்சையாக்கினாள். ஒரு வரி நகரவில்லை.

"வரலைன்னா விட்டுடேன். இப்ப யாரு அழுதா?" என்றான் கணவன்.

இவன் பாதியில் விடாத வேலை தூக்கம் ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில், எழுத வராதவர்களை எழுதவைக்கும் இணைய வகுப்பு ஒன்றில் சேர்ந்தாள். நடத்தியவர் ஒரு ஊக்கப் பேச்சாளர். திரையில் மார்பைத் தட்டிக்கொண்டார்.

"பயம்தாங்க உங்க கையைக் கட்டிப்போட்டிருக்கு. என்னைப் பாருங்க, பயம்னா என்னன்னே எனக்குத் தெரியாது!"

மறுநாள் அவள் 'பயம் என்பது' என்று அடித்துவிட்டு நின்றாள்.

சில வாரங்கள் கழித்து அதே மனிதர் கன்னம் பன் மாதிரி வீங்கிப்போய் மருத்துவமனைக்கு வந்தார். வகுப்பில் அவள் கேமராவை அணைத்தே வைத்திருந்ததால் அவருக்கு அவளைத் தெரியவில்லை.

"உடனே டாக்டரைப் பார்க்கணும். நான் யாருன்னு தெரியுமில்ல?"

"பல்வலின்னு வந்திருக்கீங்க. உட்காருங்க, கூப்பிடுவாங்க."

உட்கார்ந்தவர் சும்மா இருக்கவில்லை. பல்செட்டுக்கு அளவு கொடுக்க வந்திருந்த ஒரு அம்மாவிடம், "வலிங்கறதெல்லாம் மனசுலதாம்மா இருக்கு" என்று ஆரம்பித்தார். அந்த அம்மா காது கேட்காதவள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அவரை உள்ளே கூப்பிட்டார்கள். அடுத்த நிமிஷம் ஒரு அலறல். கழுத்தில் கட்டிய துணியோடு பேச்சாளர் வெளியே ஓடிவந்தார். பின்னாலேயே டாக்டர், கையில் சின்னக் கண்ணாடியோடு.

"சார், நான் இன்னும் தொடவே இல்ல. நாற்காலியைத்தான் சாய்ச்சேன்!"

"இவங்களை வரச் சொல்லுங்க டாக்டர். யாராவது கையைப் பிடிச்சுக்கிட்டாத்தான் நான் படுப்பேன்" என்று பேச்சாளர் அவளைக் காட்டினார்.

அவள் போய்க் கையைப் பிடித்துக்கொண்டாள். மார்பைத் தட்டிய அதே கை. வியர்வையில் வழுக்கியது. ஊசியைக் கண்டதும் அவர் "அம்மா, அம்மா" என்று கேவ ஆரம்பித்தார். அவளுக்குப் பாவமாக இல்லை. இவர் பேச்சைக் கேட்டுக் குறிப்பு வேறு எடுத்தோமே என்று தன் மேலேயே கேவலமாக இருந்தது.

மதியம் டிபன் பாக்ஸைக்கூடத் திறக்காமல் எழுத உட்கார்ந்தாள். ஆள் அடையாளம் தெரியக்கூடாதென்று பேச்சாளரை உடற்பயிற்சி ஆசிரியராக்கினாள், பல்லைக் காதாக்கினாள். மற்றதில் எதையும் மாற்றவில்லை. அலறல், கழுத்துத் துணி, வியர்த்த கை எல்லாம் மளமளவென்று வந்து விழுந்தன. இத்தனை நாள் யாரையும் மன்னிக்காமலே மன்னிப்பைப் பற்றி எழுதியதுதான் தொண்டையை அடைத்திருக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

சாயங்காலமே நாத்தனார் போன் செய்தாள்.

"அண்ணி, இதை நிஜமாவே படிச்சேன்! சிரிச்சுச் சிரிச்சு வயித்து வலியே வந்துடுச்சு."

"அப்ப இவ்வளவு நாளா?"

"அதை விடுங்க அண்ணி. அடுத்தது எப்போ?"

முன்பின் தெரியாதவர்களெல்லாம் பதிவைப் பகிர்ந்தார்கள். சுற்றிச் சுற்றி அது பேச்சாளரிடமே போய்ச் சேர்ந்தது. அவரும் கீழே எழுதியிருந்தார்: 'அருமை! இப்படிப்பட்ட கோழைகளை நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். என் வகுப்புப் பட்டியலில் உங்கள் பெயரைப் பார்த்தேன். நீங்கள் என் மாணவி என்பதில் பெருமைப்படுகிறேன்.'

அவள் அதை இரண்டு தடவை படித்தாள். அந்தக் கோழை தான்தான் என்று அவருக்கு அடையாளமே தெரியவில்லை. இப்படி ஒரு ஆளுக்குப் பதில் எழுதுவது வீண் என்று விட்டுவிட்டு, விடியல் பதிவுகளை ஒவ்வொன்றாக அழிக்க ஆரம்பித்தாள்.

இப்போது வாரம் தவறாமல் யாராவது ஒருவரைப் பற்றி எழுதுகிறாள். குடும்ப விசேஷங்களில் அவள் பக்கத்து நாற்காலி மட்டும் காலியாகவே கிடக்கிறது. அவள் அதில் கைப்பையை வைத்துக்கொண்டு எல்லோரையும் நிதானமாகப் பார்க்கிறாள்.